‘கேலி’யாகிப் போன சந்தோஷம்

‘கெய்லி’ என்று ஓர் ஆங்கில வார்த்தை. இடுப்பில் கட்டும் கைலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு! ‘சந்தோஷமாக’, ‘குதூகலமாக’, ‘கவலையே இல்லாமல்’ என்று அர்த்தம். ‘கே’ என்றால் சந்தோஷமான. கூட ஒரு ‘லி’ சேர்த்தால் சந்தோஷமாக. நாம் தமிழில் எந்தச் சொல்லோடும் ஒரு ‘ஆக’ ஒட்டிவிடுகிறோமே, அந்த மாதிரி.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த தலைமுறைக்கு இந்த வார்த்தை நன்றாகவே பரிச்சயம். அவர்கள் படித்த ஆங்கிலக் கதைகளில் குருவிகள் ‘கெய்லி’ பாடும். பிள்ளைகள் ‘கெய்லி’ ஓடுவார்கள். நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளில் தேர், யானை, சப்பரம் எது வந்தாலும் ‘கெய்லி டெக்கரேட்டட்’ என்று ஒரு போடு போடுவார்கள். மீனாட்சியம்மன் கோயில் யானைக்கு முகபடாம் கட்டினால் அது ‘கெய்லி’. மாசி வீதியில் தோரணம் கட்டினால் அதுவும் ‘கெய்லி’.

இன்று ஒரு கல்லூரி மாணவர் கட்டுரையில் இந்த வார்த்தையை எழுதிப் பார்க்கட்டும். பக்கத்து பெஞ்சில் கிளுக்கென்று சிரிப்பு கிளம்பும். ‘கெய்லி’யைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னால் தமிழில் ‘கேலி’ என்றுதான் காதில் விழும். பாவம், வார்த்தையின் கதையும் அப்படித்தான் ஆகிவிட்டது!

ஒரு நல்ல வார்த்தைக்கு எப்படிக் கெட்ட பெயர் வந்தது? இங்கிலாந்துக்காரன் விவகாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கதை லண்டனில் ஆரம்பித்து வைகைக் கரைக்குத்தான் வந்து சேரப்போகிறது.

*

‘கே’ பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல். 14-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் அதைச் சகஜமாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். பளிச்சென்று உடுத்தியவன் ‘கே’. சிரித்த முகத்தோடு இருப்பவள் ‘கே’. ஒரு குற்றமும் கிடையாது.

17-ம் நூற்றாண்டில்தான் முதல் கறை விழுந்தது. ‘எப்போதும் சந்தோஷமாக இருக்கிறான்’ என்பதிலிருந்து ‘சந்தோஷத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்படாதவன்’ என்று ஒரு படி. அதிலிருந்து ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்று அடுத்த படி. 1703-ல் நிக்கோலஸ் ரோ எழுதிய நாடகம் ஒன்றில் லொத்தாரியோ என்று ஒரு பாத்திரம். பெண்களை மயக்கிக் கைவிடுகிற ஆசாமி. அவனுக்கு ஆசிரியர் கொடுத்த அடைமொழி ‘கே’! இன்றைக்கும் ஆங்கிலத்தில் பெண்பித்தனை ‘லொத்தாரியோ’ என்கிறார்கள்.

ஆணுக்கு இந்த வார்த்தை கொஞ்சம் மைனர்தனமான பட்டம்தான். பெண்ணுக்கு வந்தபோது பழியாகிவிட்டது. 19-ம் நூற்றாண்டு லண்டனில் ‘கே’ பெண் என்றால் விலைமகள். ‘கே’ வீடு என்றால் விபசார விடுதி. நம்மூரில் சிப்பாய்க் கலகம் வெடித்த அதே 1857-ல் ‘பஞ்ச்’ பத்திரிகையில் ஜான் லீச் ஒரு கார்ட்டூன் போட்டார். நள்ளிரவு, தெருவோரம் இரண்டு பெண்கள். எவ்வளவு காலமாக ‘கே’யாக இருக்கிறாய் என்று ஒருத்தி மற்றவளை விசாரிக்கிறாள். அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு முகங்களிலும் சந்தோஷத்தின் சாயல்கூட இல்லை. வார்த்தைக்கும் வாழ்க்கைக்கும் இருந்த தூரத்தை இதைவிடக் கசப்பாகக் காட்டிவிட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை, பழைய அர்த்தமும் சாகவில்லை. கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 1932-ல் அமெரிக்காவில் ‘கே டைவோர்ஸ்’ என்று ஒரு நாடகம். 1934-ல் அதையே சினிமாவாக எடுத்தபோது பெயர் ‘கே டைவோர்சி’ என்று மாறியது. விவாகரத்து சந்தோஷமான விஷயமாக இருக்கக்கூடாது, வேண்டுமானால் விவாகரத்தானவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சென்சார்காரர்கள் அருள்பாலித்ததாக ஹாலிவுட்டில் கதை சொல்வார்கள். 1938-ல் வந்த ‘பிரிங்கிங் அப் பேபி’ படத்தில் கேரி கிராண்ட் ஒரு பெண்ணின் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஏன் இந்தக் கோலம் என்று கேட்டால், திடீரென்று ‘கே’யாகிவிட்டதாகச் சொல்லிக் குதிப்பார். தியேட்டரில் பாதிப் பேர் ‘உற்சாகமாகிவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். விஷயம் தெரிந்த சிலர் மட்டும் வேறு மாதிரி சிரித்திருப்பார்கள். அப்போதே இந்த வார்த்தை, ஆணை விரும்பும் ஆண்களின் வட்டாரத்தில் ரகசியமாகப் புழங்க ஆரம்பித்திருந்தது.

அந்த வட்டாரத்துக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. சந்தோஷத்தைச் சொல்லும் வார்த்தைக்குச் சேறு பூசும் பழக்கம் வெள்ளைக்காரனுக்கு மட்டும்தானா?

*

‘உல்லாசம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் ‘பொங்கி ஒளிர்வது’ என்று வேர்ப்பொருள். அழகான வார்த்தை. 1997-ல் அஜித்தும் விக்ரமும் சேர்ந்து நடித்த படத்துக்கு அதுதான் பெயர். குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. உல்லாசப் பயணம் என்றால் கொடைக்கானல், குற்றாலம்.

அதே வார்த்தையை நாளிதழின் குற்றச் செய்தியில் படியுங்கள். ‘இருவரும் உல்லாசமாக இருந்தனர்’ என்று ஒரு வரி வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொங்கி ஒளிர்ந்த வார்த்தை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இன்று உங்கள் மாமாவுக்குக் கடிதம் எழுதும்போது, ‘அத்தையும் நீங்களும் உல்லாசமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்க முடியுமா?

‘உற்சாகம்’ இன்னொன்று. ஊக்கம், முயற்சி என்ற நல்ல பொருள். பக்கத்தில் ‘பானம்’ சேர்ந்ததும் டாஸ்மாக் வாசலுக்குப் போய்விட்டது. ‘குஷி’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ஜாலி’ இங்கிலீஷிலிருந்து. இங்கிலாந்தில் ‘ஜாலி குட்’ என்று சொல்பவர்கள் இப்போது தாத்தாக்களாகிவிட்டார்கள். இங்கே ‘ஜாலி’ இன்னும் இளமையாகச் சுற்றுகிறது. ஆனால் அதிலும் பாருங்கள், ‘டூர் ஜாலியா இருந்துச்சுப்பா’ என்றால் சந்தோஷம். ‘அவன் ஜாலியாத் திரியுறான்’ என்றால் பொறுப்பில்லாதவன். ‘அவ ஜாலியாத் திரியுறா’ என்றால்..? அந்த வாக்கியத்தை முடிக்கவே வேண்டாம். கேட்பவர் மனதிலேயே முடிந்துவிடும். 1857-ல் லண்டன் போட்ட அதே கணக்கு. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை!

சந்தோஷத்தின் மீது சர்க்காருக்கும் ஒரு கண் உண்டு. 1939-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. சினிமாவும் நாடகமும் பார்த்துச் சிரித்தால் வரி. பெயர், கேளிக்கை வரி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து எத்தனையோ வரிகளை விழுங்கியது. அதன் பிறகும் உள்ளாட்சிகளுக்கென்று தனியாக ஒரு கேளிக்கை வரிச் சட்டம் போட்டார்கள். கேளிக்கைக்கு வேர் வடமொழியில் ‘கேளி’, அதாவது விளையாட்டு. நம் ‘கேலி’யும் அந்த வழியில் வந்ததுதான். விளையாட்டு என்று பிறந்த ஒரு சொல், ஒரு பக்கம் வரியாகவும் இன்னொரு பக்கம் நையாண்டியாகவும் பிரிந்து போயிருக்கிறது.

அப்படியானால் சந்தோஷத்தைச் சொல்லும் எல்லா வார்த்தைகளும் என்றைக்காவது கெட்டுப்போவதுதான் விதியா?

இல்லை. எதிர்த்திசையில் நடந்த ஒரு வார்த்தை இருக்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொள்ள 2,000 வருஷம் பின்னால் போய் மதுரையில் இறங்க வேண்டும்.

*

‘மகிழ்ச்சி’. இதைவிடச் சுத்தபத்தமான சொல் தமிழில் உண்டா? கல்யாணப் பத்திரிகையில் ‘மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்’ என்கிறோம். அமைச்சர் மைக்கைப் பிடித்தால் முதல் வாக்கியத்திலேயே பெருமகிழ்ச்சி அடைகிறார். எந்தத் தாத்தாவும் எந்தப் பேத்தியிடமும் சொல்லலாம்.

ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியை எடுத்து ‘மகிழ்’ என்ற இடத்தில் பாருங்கள். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர் முதல் பதிப்பாசிரியராக இருந்து வேலையைத் தொடங்க, 1936-ல் வையாபுரிப் பிள்ளை முடித்து வைத்த அகராதி அது. இன்பம் என்ற பொருளோடு கூடவே இன்னும் இரண்டு பொருள் அங்கே உட்கார்ந்திருக்கும். ஒன்று, கள். இன்னொன்று, கள்ளினால் வரும் வெறி!

ஆமாம், சங்க காலத்தில் ‘மகிழ்’ பெரும்பாலும் குடித்தபின் வருகிற மகிழ்ச்சிதான். அரசன் காலையில் சபை கூட்டிப் பாணர்களோடு உட்கார்ந்து கள் அருந்தும் கொலுவுக்கு ‘நாண்மகிழ் இருக்கை’ என்று பெயர். ‘களிப்பு’ம் அந்தக் குடும்பம்தான். திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ‘களித்தான்’ என்றால் குடித்தவன். அவனிடம் நியாயம் பேசுவது, தண்ணீருக்குள் மூழ்கிவிட்டவனைத் தீப்பந்தம் வைத்துத் தேடுவது மாதிரி என்கிறார் வள்ளுவர்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு, 782 அடிகள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் இராக் கடையுமாக ஒரு நகரத்தையே நடந்து காட்டுகிறார். ஓணத் திருநாளன்று குடித்துவிட்டு ஊர் போடும் ஆட்டம், இரவில் பரத்தையர் வீதி, யாமக் காவலர், பலகாரம் விற்பவர்... தூங்கா நகரம் என்ற பெயர் இன்று நேற்று வந்ததில்லை!

‘காஞ்சி’ என்றால் நிலையாமையைச் சொல்வது. ‘அரசே, உனக்கு முன்னால் இந்த மண்ணை ஆண்டவர்கள் எத்தனையோ பேர், எல்லாரும் போய்விட்டார்கள்’ என்று எச்சரிக்கிற பாட்டு. அப்படிப்பட்ட பாட்டு எங்கே போய் முடிகிறது தெரியுமா? பொன் கிண்ணத்தில் பெண்கள் தரும் மணமுள்ள தேறலைக் குடித்து, தினமும் மகிழ்ந்து இனிதாக இரு என்ற வாழ்த்தில்! எல்லாம் அழிந்துவிடும் என்பது தெரிந்த பிறகும் சந்தோஷமாக இருக்கச் சொல்கிறார். அந்த ‘மகிழ்ந்து’தான் இங்கிலீஷ்காரனின் ‘கெய்லி’க்கு மதுரைப் பதிப்பு.

இன்னும் ஒன்று. வைகை பாயும் வயல்காடு இருக்கிறதே, சோழவந்தான் பக்கமும் திருப்புவனம் பக்கமும், அதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் மருதம். மருத நிலத்துக் காதலனுக்கு ஒரு பட்டம் உண்டு. ‘மகிழ்நன்’! மகிழ்கிறவன், மகிழ்ச்சி தருகிறவன். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மருதத்தின் ஒழுக்கம் ஊடல். கணவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருவான். வாசலில் நிற்கும் மனைவி ‘மகிழ்ந!’ என்று கூப்பிடுவாள். அந்த அழைப்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு குத்தல் என்பதை அந்தத் தொனியைக் கேட்டுப் பழகியவர்கள்தான் பிரித்தறிய வேண்டும். பரிபாடலில் கிடைத்திருக்கும் 22 முழுப் பாடல்களில் 8 பாடல்கள் வையை ஆற்றுக்கு. புதுவெள்ளம் வந்துவிட்டது என்றதும் ஊரே ஆற்றுக்கு ஓடுகிறது. அங்கேயும் நீராட்டு, கள், பரத்தை, மனைவியின் கண்ணீர், சமாதானம் எல்லாம் உண்டு. ‘மகிழ்நன்’ கொண்டாடிய மகிழ்ச்சிக்கு வீட்டில் ஒருத்தி விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆக, ‘மகிழ்’ ஆரம்பத்தில் ‘கே’யைவிடக் கறைபட்ட வார்த்தை! கள்ளுக்கடை வாசனை, பரத்தை வீதிப் பழக்கம் இரண்டும் உண்டு. வள்ளுவரே மகிழ்ச்சியில் மெய்மறந்து கடமையைத் தவறவிட்டால் அது கடுங்கோபத்தைவிடக் கெடுதல் என்று பொச்சாவாமை அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்த வார்த்தைதான் காலப்போக்கில் குளித்துத் தலைவாரி விபூதி பூசிக்கொண்டு கல்யாணப் பத்திரிகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘உல்லாசம்’ மேலிருந்து கீழே. ‘மகிழ்ச்சி’ கீழிருந்து மேலே.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. கறை வார்த்தையில் இல்லை. ஊரில் யார் சந்தோஷமாக இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அனுமதி உள்ளவர்கள் வாயில் அது ‘மகிழ்ச்சி’. அனுமதி இல்லாதவர்களைப் பற்றிப் பேசும்போது ‘உல்லாசம்’. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று லட்சோபலட்சம் பேர் தண்ணீர் பீய்ச்சி, ஆடிப் பாடி, ராத்திரி முழுக்க மணலில் கிடக்கிறார்கள். யாரும் ‘ஜாலியாத் திரியுறாங்க’ என்று பழிப்பதில்லை. சாமி பெயரைச் சொன்னால் சந்தோஷத்துக்கு பாஸ்போர்ட் கிடைத்துவிடுகிறது!

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

*

முன்பு ‘அப்புறம் வருவோம்’ என்று சொன்ன இடத்துக்கு இப்போது வருவோம்.

ஆணை நேசிக்கும் ஆணுக்கும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் உலகம் முதலில் கொடுத்தவை சட்டத்தின் வார்த்தைகள். இந்தியாவில் மெக்காலே தலைமையில் 1837-ல் குற்றச் சட்டத்துக்கு வரைவு தயாரானது. 1860-ல் சட்டமாகி 1862-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 377-வது பிரிவு, ‘இயற்கைக்கு விரோதமான’ என்று ஒரு முத்திரை குத்தியது. அடுத்து மருத்துவத்தின் வார்த்தைகள். 1869-ல் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல்லை உண்டாக்கினார். அவர் இவர்களுக்கு ஆதரவாகத்தான் எழுதினார். ஆனால் டாக்டர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்தப் பட்டியலிலிருந்து அதை நீக்க 1973 வரை ஆனது.

ஒரு பக்கம் ‘குற்றவாளி’, இன்னொரு பக்கம் ‘நோயாளி’. இரண்டும் அடுத்தவர்கள் வைத்த பெயர்கள். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கின் ‘ஸ்டோன்வால் இன்’ மதுவிடுதியில் போலீஸ் ரெய்டு. எப்போதும் தலைகுனிந்து வேனில் ஏறும் கூட்டம் அன்று திருப்பி நின்றது. பல நாள் கலவரம். அதன் பிறகு பிறந்த இயக்கம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர், ‘கே’. சந்தோஷமானவர்கள்!

அவர்கள் வாழ்க்கையில் அப்படியென்ன சந்தோஷம் கொட்டிக்கிடந்தது? வேலை போகும், வீடு போகும், சிறைக்குப் போக நேரும். ஆனாலும் சட்டமும் மருத்துவமும் கொடுத்த பெயர்களை உதறிவிட்டு, ஊர் பழிச்சொல்லாக வைத்திருந்த ஒரு வார்த்தையையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை இந்த அர்த்தத்தில் ‘கே’ என்று அச்சிட அனுமதித்தது 1987-ல்தான்.

இந்த மாற்றத்தில் சும்மா நின்றிருந்த ஒரு அப்பாவிக்கு அடிபட்டது. அதுதான் நம் ‘கெய்லி’. குருவி பாடுவதற்கும் தேர் அலங்காரத்துக்கும் அதை எழுதக் கூச்சப்பட்டு மக்கள் கைவிட்டார்கள். ‘ஒரு அழகான வார்த்தையைப் பறித்துக்கொண்டார்களே’ என்று இன்றும் அங்கலாய்க்கிற பழைய ஆங்கில வாத்தியார்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று சொல்லலாம். சந்தோஷத்துக்கு இங்கிலீஷில் இன்னும் ஐம்பது வார்த்தை இருக்கிறது. இவர்களுக்கு அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

*

இனி மதுரை.

2012 ஜூலை. ‘சிருஷ்டி மதுரை’ என்ற இளைஞர் அமைப்பு மதுரையில் ஒரு வானவில் விழா நடத்தியது. முன்னின்றவர் கோபி சங்கர். விழாவுக்கு வைத்த பெயர் ஆலன் டூரிங். கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை என்கிறோமே, அவரேதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் ரகசியச் சங்கேதங்களை உடைத்துத் தன் நாட்டைக் காப்பாற்றியவர். 1952-ல் இன்னொரு ஆணோடு உறவு வைத்திருந்தார் என்று அதே நாடு அவரைத் தண்டித்து, ஹார்மோன் மருந்து செலுத்தியது. 1954-ல் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-ல். அவருடைய நூற்றாண்டில், அந்த மன்னிப்புக்கு முன்பே, மதுரை வீதியில் அவர் பெயரில் ஊர்வலம் போயிருக்கிறது!

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவரின் சம்மதத்தோடு நடக்கும் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. 377 நடைமுறைக்கு வந்து அப்போது 156 வருஷம் ஆகியிருந்தது.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்றுதானே இருக்கிறது என்பது கேள்வி. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லுக்கு மாறாத ஒரே பொருள் இருக்க முடியாது, திருநங்கையும் மணமகள்தான் என்றார். ஒரு வார்த்தையின் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு வாழ்க்கை நுழைந்துவிட்டது.

அடுத்தது 2021. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் ‘காணவில்லை’ என்று போலீசில் புகார் செய்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான், ஜூன் 7 அன்று, விரிவான உத்தரவு பிறப்பித்தார். இப்படிப்பட்டவர்களை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை வந்தது. போலீஸ் தொல்லைக்குக் கடிவாளம் விழுந்தது.

அந்த வழக்கு தொடர்ந்து நடந்தபோது எழுந்த ஒரு கேள்வி நம் கதைக்கு நேராக வருகிறது. இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது? பத்திரிகைகள் எப்படி எழுதுவது? புழக்கத்தில் இருந்த வார்த்தைகளில் பல, காது கொடுத்துக் கேட்க முடியாத வசைகள். நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில், 2022 ஆகஸ்டில் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ஒரு ஜோடி மதுரையிலிருந்து ஓடிப்போனதில், ஒரு மொழிக்கே புதிதாகச் சொற்பட்டியல் கிடைத்தது!

அரசு போடும் பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மக்களே தங்களுக்குள் சில சொற்களைப் புழங்குகிறார்கள். ‘கே’ ஆணுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று, ‘மகிழ்வன்’. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு, ‘மகிழினி’.

கவனித்தீர்களா? கள்ளாகப் பிறந்து, மருத நிலத்து மகிழ்நனாகத் திரிந்து, மனைவியின் குத்தலில் அடிபட்டு, பிறகு கல்யாணப் பத்திரிகையில் கௌரவமாக உட்கார்ந்த அதே ‘மகிழ்’. யாருக்கு ஊர் மகிழ்ச்சியை மறுத்ததோ, அவர்கள் அதைத் தங்கள் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகிழ்நனின் மகிழ்ச்சிக்கு வீட்டில் ஒருத்தி அழ வேண்டியிருந்தது. இவர்கள் கேட்பது யாரையும் அழ வைக்காத ஒரு மகிழ்ச்சியைத்தான்.

பழைய ஆங்கிலப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்து, அதில் குருவி ‘கெய்லி’ பாடினால் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்காதீர்கள். அது நிஜமாகவே சந்தோஷமாகத்தான் பாடுகிறது. அதே மாதிரி உங்கள் தெருவில் ஒரு பெண் நாலு தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போகும்போது, திண்ணையிலிருந்து யாராவது ‘ஜாலியாத் திரியுறா’ என்று ஆரம்பித்தால், வாக்கியத்தை அவர் இழுக்கிற பக்கம் போகவிடாதீர்கள். ‘ஆமாப்பா, சந்தோஷமாப் போறா’ என்று நீங்களே முடித்து வையுங்கள். மாங்குடி மருதனார் ராஜாவுக்குச் சொன்னதை ராஜாவுக்கு மட்டும்தான் சொன்னார் என்று யார் சொன்னது?